அகராதியில் ஓர் அர்த்தம், அக்ரிமெண்டில் ஓர் அர்த்தம்



நம்மவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று பிறர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பில், ஸ்டாக், கேஷ், டிஸ்கவுண்ட், டெலிவரி, சாம்பிள் என்று காலையில் கடைக் கதவு திறந்ததிலிருந்து இரவில் கல்லாவை எண்ணி முடிக்கும் வரை நம் வாயில் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தைகளைக் கணக்கெடுத்தால் ஓர் ஆரம்பப் பாடப் புத்தகத்துக்கு மேலேயே தேறும். தெரியாத வார்த்தையினால் வியாபாரிக்கு வரும் நஷ்டம் கொஞ்சம்தான். தெரியாவிட்டால் யாரையாவது கேட்கிறோம். பள்ளிக்கூடம் போகும் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறோம். பெரிய நஷ்டம் வருவதெல்லாம், தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வார்த்தையினால்தான். ஏனென்றால் அதைப் பற்றி நாம் யாரையும் கேட்பதில்லை.

நானும் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தாண்டாதவன். ஆகையால் இலக்கணம் கற்பிக்க வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகக் கடையில் கையெழுத்துக்கு வந்த காகிதங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த வார்த்தைகளில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன்.

டிஸ்ட்ரெஸ் என்று ஒரு வார்த்தை. அகராதியைப் புரட்டினால் துயரம், துன்பம், இக்கட்டு என்று போட்டிருக்கும். கைப்பேசியைக் கேட்டாலும் அதையேதான் சொல்லும். ஆனால் 'வாரண்ட் ஆஃப் டிஸ்ட்ரெஸ்' என்று தலைப்பிட்ட ஒரு காகிதத்தைக் கோர்ட்டுச் சிப்பந்தி கடைக்குக் கொண்டுவந்தால், துயரத்துக்கு எதற்கு வாரண்ட் என்று யோசித்துக்கொண்டிருக்க அவகாசம் இராது. மலேசியாவில் 1951-ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டம் இன்றும் இருக்கிறது. வாடகை பாக்கி நின்றால், கட்டடச் சொந்தக்காரர் கோர்ட்டில் மனுப் போட்டு, கடைக்குள் இருக்கும் அசையும் பொருள்களைக் கைப்பற்றி விற்று, பன்னிரண்டு மாத வாடகை வரையில் வசூல் செய்துகொள்ள அந்தச் சட்டம் வழி விடுகிறது. அலமாரியில் அடுக்கிய கைலிக் கட்டும், மூட்டை மூட்டையாக இருக்கும் சரக்கும் அதற்குள் வந்துவிடும். இதற்கு நம் தமிழில் வார்த்தை இல்லையா என்றால், இருக்கிறது: ஜப்தி. அகராதி சொல்லும் துயரம் ஜப்திக்குப் பிறகு வருவது.

இந்த ஜப்தி என்பதும் வெளியிலிருந்து வந்த வார்த்தைதான். அறபியில் 'ளப்து' என்றால் பிடித்து வைத்தல். நாம் அன்றாடம் சொல்லும் பாக்கி, வசூல், அசல், நகல், ஜாமீன், வக்கீல் எல்லாமே அறபி மூலமுள்ளவை. ஒரு காலத்தில் அவையும் நம் முன்னோருக்குப் புதிய வார்த்தைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். கொடுக்கல் வாங்கலில் புழங்கிப் புழங்கிச் சொந்தமாகிவிட்டன. மலாய்க்காரர்கள் சொல்லும் கெடாய் நம்முடைய கடை. மொடால் நம்முடைய முதல். குடாங் நம்முடைய கிடங்கு. ஆகவே அந்நிய பாஷையின் வியாபார வார்த்தையைக் கற்பது நமக்குப் புதிய வேலை அல்ல.

இனி வாடகைப் பத்திரத்தைப் பிரிப்போம். கடைக்காரர் கையெழுத்திடும் காகிதங்களில் மிக நீளமானது இதுதான்; மிகக் குறைவாக வாசிக்கப்படுவதும் இதுதான்.

அதில் டிட்டர்மின் என்று வரும். தீர்மானித்தல் என்பது பள்ளிக்கூட அர்த்தம். கட்டடச் சொந்தக்காரர் இன்ன இன்ன சந்தர்ப்பத்தில் இந்த டெனன்ஸியை டிட்டர்மின் செய்யலாம் என்று எழுதியிருந்தால், அவர் ஏதோ யோசித்து ஒரு தீர்மானத்துக்கு வருவார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சட்டக்காரர் பேச்சில் அதற்கு அர்த்தம் வேறு. டெனன்ஸியை முடிவுக்குக் கொண்டுவரலாம் என்பதே பொருள். கடையைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் அந்த ஒரு வார்த்தைக்குள் உட்கார்ந்திருக்கிறது. எந்தச் சந்தர்ப்பத்தில், எத்தனை நாள் நோட்டீஸில் என்பது அதே வரியிலோ அடுத்த வரியிலோ இருக்கும். அந்த வார்த்தை எங்கே கண்ணில் பட்டாலும் அடியில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது குவிட். குவிட் என்றால் விட்டுப் போவது என்று எல்லோருக்கும் தெரியும். 'நோட்டீஸ் டு குவிட்' என்றால் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்; அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே பத்திரத்தில் 'குவிட் ரென்ட்' என்றும் இருக்கும். அது காலி செய்யும்போது கட்டும் வாடகை அல்ல. நிலத்துக்குரியவர் மாநில அரசுக்குக் கட்டும் நில வரி; மலாயில் சுக்காய் தானா. பழங்காலத்து இங்கிலாந்தில் நிலப் பிரபுவுக்குச் செய்ய வேண்டிய ஊழியங்களிலிருந்து விடுபடுவதற்காகக் கட்டிய பணம் என்பதால் அந்தப் பெயர். அதன் பக்கத்திலேயே அஸெஸ்மெண்ட் என்று நிற்பது நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் கட்டட வரி. நம் ஜனங்கள் சுக்காய் பிந்து என்பார்கள். வருமான வரிக் கடிதத்தில் 'இயர் ஆஃப் அஸெஸ்மெண்ட்' என்று வந்தால் அது வரி கணக்கிடும் ஆண்டு. பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அஸெஸ்மெண்ட் பரீட்சை சம்பந்தமானது. ஒரே வார்த்தை, மூன்று காகிதம், மூன்று விஷயம். பத்திரத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இரண்டு வரியையும் கட்டுபவர் யார் என்பதுதான். வழக்கமாகச் சொந்தக்காரர் கட்டுவார். பத்திரம் வேறு மாதிரி சொன்னால், பத்திரம் சொல்வதுதான் நிற்கும்.

லீஸ், டெனன்ஸி இரண்டுக்கும் நாம் வாடகை என்றும் குத்தகை என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். தீபகற்ப மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல. மூன்று வருஷத்துக்கு மேற்பட்டது லீஸ். அதை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று வருஷம் வரை டெனன்ஸி, பதிவு தேவையில்லை. பதிவு தேவையில்லை என்றால் செலவு மிச்சம் என்று சந்தோஷப்படுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்தக்காரர் நடுவில் கட்டடத்தை விற்றுவிட்டால், பதியாத டெனன்ஸி புது முதலாளியைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். அதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. நிலப் பட்டாவின் பதிவில் நம் டெனன்ஸியைக் குறித்து வைக்கலாம். அதற்குப் பெயர் எண்டார்ஸ்மெண்ட். செக்கின் பின்புறம் கையெழுத்துப் போடுவதுதான் எண்டார்ஸ்மெண்ட் என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே தெரியாமல் போய்விடும்.

இதெல்லாம் ஏட்டுப் பேச்சு என்று நினைப்பவர்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில், 1948-க்கு முன் கட்டிய பழைய கடைவீடுகளில் நம்மவர்களும் சீனர்களும் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்தார்கள். 1997-ல் அந்தச் சட்டம் ரிப்பீல் செய்யப்பட்டது. ரிப்பீல் என்றால் திருத்தம் அல்ல, சட்டத்தையே எடுத்துவிடுவது. 1999 டிசம்பர் கடைசி வரை அவகாசம் இருந்தது. அதன் பிறகு சொந்தக்காரர்களிடமிருந்து வந்த கடிதங்களில் 'வேக்கண்ட் பொஸெஷன்' என்ற இரண்டு வார்த்தைகள் இருந்தன. பொஸெஷன் என்றால் உடைமை என்கிறது அகராதி. கடிதத்தின் அர்த்தம், ஆளும் சரக்கும் இல்லாமல் கட்டடத்தைக் காலியாக ஒப்படைத்துச் சாவியைக் கொடு என்பது. 2000-க்குப் பிறகு அந்தத் தெருக்களை விட்டுப் போன பழைய கடைகள் எத்தனையோ. வார்த்தை தெரிந்திருந்தால் சட்டம் மாறியிருக்காது. ஆனால் அவகாசம் இருந்த நாளிலேயே புதுப் பத்திரம் பேசவும், வேறு இடம் பார்க்கவும், வக்கீலைக் கேட்கவும் முடிந்திருக்கும்.

பத்திரத்தில் இன்னும் இரண்டொரு வார்த்தைகள். 'ஃபேர் வேர் அண்ட் டேர்' என்பதில் வரும் டேர் கிழிவது. கண்ணீருக்கும் அதே எழுத்துதான், அதை டியர் என்று உச்சரிக்க வேண்டும். சேர்ந்து வரும்போது சாதாரணப் புழக்கத்தினால் ஏற்படும் தேய்மானம் என்று பொருள். அது நம் தலையில் விழாது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'ரீஇன்ஸ்டேட்' என்றிருந்தால், நாம் அடித்த தடுப்புப் பலகை, போட்ட தளவரிசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடையை முன்பிருந்தபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும். டெபாஸிட் பணத்தில் பாதி இதிலேயே கரைந்துவிடுவதுண்டு. 'டைம் இஸ் ஆஃப் தி எஸன்ஸ்' என்பதைப் பார்த்ததும் அத்தர்க் கடைக்காரருக்கு ரோஜா எஸன்ஸ் ஞாபகம் வந்தால் குற்றமில்லை. சொன்ன தேதி தவறினால் எதிர்க் கட்சி ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய இடமுண்டு என்ற எச்சரிக்கை அது. எக்ஸிக்யூட் என்றால் தூக்கிலிடுவது என்று பத்திரிகை வாசிக்கிறவர்கள் சொல்வார்கள். பத்திரத்தை எக்ஸிக்யூட் செய்வது என்றால் முறைப்படி கையெழுத்திட்டு முடிப்பது. அந்தத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் ஸ்டாம்ப் வரி கட்ட வேண்டும் என்பதால், இதுவும் தெரிய வேண்டிய வார்த்தை.

இந்த இடத்தில் மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஸர்ஃபு பாடத்தில் நஸர, யன்ஸுரு என்று ராகம் போட்டு ஓதியது ஞாபகம் இருக்கும். உதவி செய்பவன் நாஸிர். உதவி பெறுபவன் மன்ஸூர். புகழ்பவன் ஹாமிது, புகழப்படுபவன் மஹ்மூது. செய்பவனுக்கு ஒரு வார்ப்பு, செயலைப் பெறுபவனுக்கு ஒரு வார்ப்பு. இங்கிலீஷிலும் ஏறக்குறைய இதே சூத்திரம் உண்டு. வார்த்தையின் கடைசியில் 'அர்' என்று ஒலித்தால் செய்பவர். 'ஈ' என்று நீண்டால் பெறுபவர். பணம் கொடுப்பவர் பேயர், பெறுபவர் பேயீ. வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், வேலையில் இருப்பவர் எம்ப்ளாயீ. சரக்கை அனுப்புபவர் கன்சைனர், பெறுபவர் கன்சைனீ. கட்டடத்தை லீஸுக்கு விடுபவர் லெஸ்ஸர், எடுப்பவர் லெஸ்ஸீ. பள்ளிவாசல் சொத்தைப் பொறுப்பாக ஏற்றிருப்பவர் டிரஸ்டீ.

ஒரு ஜோடியில் மட்டும் படித்தவர்களும் தடுமாறுவார்கள். மார்ட்கேஜர் என்றால் கடன் கொடுக்கும் பேங்க் என்று தோன்றும். பேங்க் கொடுப்பது பணம். மார்ட்கேஜ் என்பது அடமானம். அடமானத்தைக் கொடுப்பவர் யார்? வீட்டை வைத்துக் கடன் வாங்குகிற நாம். ஆகவே நாம்தான் மார்ட்கேஜர்; அடமானத்தைப் பெற்றுக்கொள்ளும் பேங்க் மார்ட்கேஜீ. என்ன பொருள் கை மாறுகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டால் சூத்திரம் பொய்க்காது. கேரண்டீ என்ற வார்த்தையை மட்டும் விலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அது ஆளைக் குறிப்பதை விட ஜாமீனையே குறிப்பது அதிகம். ஜாமீன் நிற்பவர் கேரண்டர்.

கேரண்டர் என்றதும் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் நம்மவர் குடும்பங்கள் உடைந்ததற்குக் காரணமான வார்த்தைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதற்கு முதல் இடம் கொடுப்பேன். "மச்சான், ஒரு கையெழுத்துதான், பேங்கில் கேட்கிறார்கள்" என்று சொந்தக்காரர் வந்து நிற்பார். சாட்சிக் கையெழுத்து என்று எண்ணிக்கொண்டு போடுவோர் இன்றும் உண்டு. சாட்சிக்கு இங்கிலீஷில் விட்னஸ். விட்னஸ் பார்த்ததைச் சொல்பவர். கேரண்டர் பணத்தைக் கட்டுபவர். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமமானது. கடன்காரரிடம் கேட்டு அலுத்த பிறகுதான் நம்மிடம் வருவார்கள் என்பது நம் மன ஆறுதலே தவிர, அந்தச் சட்டத்தின் விதி அல்ல.

அதோடு 'ஜாயிண்ட் அண்ட் ஸெவரல்' என்ற தொடரும் வரும். ஸெவரல் என்றால் பல என்று மூன்றாம் வகுப்பில் படித்தோம். இங்கே அர்த்தம் தனித்தனியாக. நாலு பேர் சேர்ந்து இரண்டு லட்சம் வெள்ளிக்கு ஜாமீன் நின்றால் ஆளுக்கு ஐம்பதாயிரம் என்று மனக்கணக்குப் போடுகிறோம். ஜாயிண்ட் அண்ட் ஸெவரல் என்றிருந்தால் பேங்க் நாலு பேரில் வசதியுள்ள ஒருவரைப் பிடித்து முழு இரண்டு லட்சத்தையும் கேட்கலாம். மற்ற மூவரிடம் பங்கு கேட்டு வாங்குவது அவருடைய பாடு.

2017-ல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது 'ஸோஷியல் கேரண்டர்' என்ற வார்த்தைக்குப் பலம் கூடியது. பிள்ளையின் படிப்புக் கடன், சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடன், சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடன் ஆகியவற்றுக்கு ஆதாயம் கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஸோஷியல் என்பதற்குச் சமூகம், நட்பு என்று அர்த்தம் செய்து, நண்பரின் கடை முதலுக்கு நின்ற ஜாமீனும் இதில் அடங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வியாபாரக் கடன் அதில் சேராது.

லிமிடெட் என்ற வார்த்தையையும் இங்கேயே முடித்துவிடலாம். கம்பெனிப் பெயரின் கடைசியில் வரும் செண்டிரியான் பெர்ஹாட்டில் இருக்கும் 'ஹாட்' நம் அறபு 'ஹத்து'தான். எல்லை என்று பொருள். கம்பெனி முறிந்தால் பங்குதாரரின் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. கம்பெனியின் கடன் அவருடைய வீட்டு வாசலைத் தாண்டாது. ஆனால் பேங்க் கடன் கொடுக்கும்போது அதே பங்குதாரரை டைரக்டர் என்ற முறையில் 'பெர்ஸனல் கேரண்டி' எழுதச் சொல்லும். எழுதிவிட்டால் அந்த எல்லை அவரைப் பொறுத்தவரை அழிந்தது. இரண்டு காகிதங்களிலும் கையெழுத்திடுபவர் ஒருவரே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குபவரே என்றும், அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதத்துடன் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருப்பதை உலமாக்கள் விளக்கக் கேட்டிருக்கிறோம். இன்று வாசகம் சொல்பவர் பேங்கின் வக்கீல். கையெழுத்து மட்டும் நம்முடையது.

பேங்க் சமாசாரத்தில் இன்னொரு குழப்பம் கிரெடிட். கடையில் கிரெடிட் என்றால் கடன். "கிரெடிட் கிடையாது" என்று பலகையே மாட்டியிருக்கிறோம். பேங்க் ஸ்டேட்மெண்டில் கிரெடிட் என்றால் பணம் உள்ளே வந்திருக்கிறது. இது எப்படி என்று நம் சிப்பந்திகள் பலர் கேட்பதுண்டு. ஸ்டேட்மெண்ட் நம் பேரேடு அல்ல. பேங்கின் பேரேட்டிலிருந்து எடுத்த நகல். நாம் ஆயிரம் வெள்ளி போட்டால் பேங்க் நமக்கு ஆயிரம் வெள்ளி கடன்பட்டிருக்கிறது. அவர்கள் கணக்கில் நாம் கடன் கொடுத்தவர், ஆகவே கிரெடிட். எடுத்தால் அவர்கள் கடன் குறைகிறது, ஆகவே டெபிட். யாருடைய ஏடு என்று கேட்டுவிட்டால் பற்றும் வரவும் தாமாகவே நேராகிவிடும். பேங்கிலிருந்து வரும் 'பேமெண்ட் அட்வைஸ்' புத்திமதி அல்ல, தகவல் சீட்டு. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மொத்த வியாபாரி அனுப்பும் கணக்கில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று ஒரு தொகை நிற்கும். மகனின் பள்ளிச் சான்றிதழில் அதே வார்த்தை வந்தால் விருந்து வைக்கலாம். கணக்கில் வந்தால் பணம் கட்ட வேண்டும். அதை விட நுணுக்கமானது மார்ஜின், மார்க் அப் இரண்டும். எண்பது வெள்ளிக்கு வாங்கி நூறு வெள்ளிக்கு விற்றால் லாபம் இருபது. விற்ற விலையில் கணக்கிட்டால் இருபது சதவீதம், அது மார்ஜின். வாங்கிய விலையில் கணக்கிட்டால் இருபத்தைந்து சதவீதம். அது மார்க் அப். சப்ளையர் உங்களுக்கு இருபது சதவீத மார்ஜின் என்று சொல்ல, நாம் எண்பதின் மேல் இருபது சதவீதத்தைக் கூட்டித் தொண்ணூற்றாறுக்கு விலைச்சீட்டு ஒட்டினால், உருப்படிக்கு நாலு வெள்ளி கைவிட்டுப் போகிறது. வருஷம் முழுதும் அப்படியே ஓடினால் என்ன தொகை என்று அவரவர் கடை விற்பனையை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வரி விஷயத்திலும் இரட்டை வார்த்தைகள் உண்டு. 2015 ஏப்ரலில் ஆறு சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது 'ஸீரோ ரேட்டட்', 'எக்ஸெம்ப்ட்' என்ற இரண்டும் கூடவே வந்தன. வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான், வரி இல்லை. விற்பவருக்கு வேறு. அரிசி, காய்கறி போன்ற ஸீரோ ரேட்டட் பொருள் விற்றவர், தாம் கொள்முதலிலும் செலவிலும் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். எக்ஸெம்ப்ட் ஆனதை விற்றவர் கேட்க முடியாது. 2018 ஜூன் முதல் தேதி அந்த ஆறு சதவீதம் ஸீரோ ஆனபோது, வரியே போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். போனது விகிதம்தான். செப்டம்பரில் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வரும் வரை, பதிவு செய்தவர்கள் கணக்குத் தாக்கல் செய்யும் கடமை அப்படியேதான் இருந்தது.

2024 ஆகஸ்டிலிருந்து கட்டம் கட்டமாக வந்துகொண்டிருக்கும் இ-இன்வாய்ஸ் இன்னும் சில வார்த்தைகளைக் கொண்டுவந்திருக்கிறது. அனுப்பிய இன்வாய்ஸ் வரி இலாகாவில் 'வேலிடேட்' ஆன பிறகு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அதை 'கேன்ஸல்' செய்யலாம். அதற்குப் பின் அழிக்க முடியாது. 'கிரெடிட் நோட்' போட்டுத்தான் குறைக்க வேண்டும். கிரெடிட் நோட் என்றால் வாங்கியவர் தர வேண்டிய தொகையைக் குறைத்து விற்றவர் கொடுக்கும் சீட்டு. கூட்ட வேண்டுமானால் டெபிட் நோட். பழைய இன்வாய்ஸைக் கிழித்துப் போட்டுப் புதிது எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இந்த மூன்று நாள் கணக்கைக் கல்லாவுக்கு மேலேயே எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது.

கற்கும் வழியைப் பற்றி நேயர்கள் கேட்கக்கூடும். லிஃப்கோ போன்ற ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று கடையில் இருக்கட்டும். ஆனால் முதலில் போட்டிருக்கும் தமிழ் அர்த்தத்தோடு நிறுத்தக் கூடாது. நாலாவது ஐந்தாவதாகச் சின்ன எழுத்தில் இருப்பதுதான் பல சமயங்களில் நம் காகிதத்துக்குரியது. அதைவிட முக்கியம், வார்த்தையைத் தனியாக எழுதி மனனம் செய்யாமல், அது வந்த முழு வரியையும் எழுதி வைப்பது. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை அகர வரிசையில் பிரிக்காமல் காகித வரிசையில் பிரித்திருக்கிறேன்: வாடகைப் பத்திரத்துக்குச் சில பக்கம், பேங்குக்குச் சில பக்கம், சப்ளையருக்கு, வரிக்கு, சுங்கத்துக்கு. ஒரே வார்த்தை மூன்று இடத்தில் வந்தாலும் வரட்டும். வந்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வதில் வெட்கமில்லை. நம் பெரியவர்கள் தமிழையே அறபு எழுத்தில் எழுதி ஓதியவர்கள். டெட் என்பதில் ஒரு எழுத்தும் ரிஸீட் என்பதில் ஒரு எழுத்தும் வாயைத் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் என்பதெல்லாம் தமிழில் எழுதிக்கொண்டால்தான் நிற்கிறது. நாளைக்கு மூன்று வார்த்தை போதும். பத்து என்று ஆரம்பித்தவர்கள் பத்தாவது நாள் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

யாரிடமாவது அர்த்தம் கேட்கும்போதும் வார்த்தையை மட்டும் சொல்லிக் கேட்கக் கூடாது. காகிதத்தை நீட்டி, "இந்த வரியில் இது என்ன சொல்கிறது; கொடுப்பது யார், பெறுவது யார், எப்போது முடிகிறது?" என்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை அழகாக வாசித்துக் காட்டும். டிட்டர்மின் என்றால் தீர்மானி என்றே சொல்லும், ஏனென்றால் அதன் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. சட்டச் சொல்லுக்கு வக்கீலையும், கணக்குச் சொல்லுக்கு ஆடிட்டரையும் கேட்பதே முறை. கூலி கொடுக்க வேண்டும்தான்; ஒரு மாத வாடகையை விடக் குறைவாகவே இருக்கும். இப்போதே கையெழுத்துப் போடுங்கள், எல்லோரும் போடுவதுதான் என்று பேங்குக் கிராணியோ ஏஜெண்டோ அவசரப்படுத்தினால், ஒரு நகல் வாங்கிக்கொண்டு நாளைக்கு வருவதாகச் சொல்லலாம். அதற்கு மறுப்புச் சொல்பவரிடம் ஏன் என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

இந்த மாதத்துப் பாடமாக, அவரவர் கடையின் வாடகைப் பத்திரத்தை எடுத்து டிட்டர்மின், ரீஇன்ஸ்டேட், குவிட் ரென்ட், அஸெஸ்மெண்ட் ஆகிய நாலும் எந்தப் பக்கத்தில், யார் பெயருக்கு நேராக வருகின்றன என்று தேடிப் பாருங்கள். நாலில் ஏதேனும் ஒன்று பத்திரத்திலேயே இல்லாவிட்டால் அதையும் குறித்து வையுங்கள். அடுத்த இதழில் இன்ஷா அல்லாஹ், தீ இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் வரும் 'எக்ஸெஸ்', 'ஆவரேஜ்', 'எக்ஸ்க்ளூஷன்' ஆகிய வார்த்தைகளை எடுத்துக்கொள்வோம்.